நெட்டலையும் கிடைக்கம்பியும்

அரபு மொழியில் 'குத்பு' என்றொரு சொல் உண்டு. திரிகைக் கல்லின் நடுவில் நின்று, மேற்கல் தன்னைச் சுற்றிச் சுழல இடங்கொடுக்கும் முளைக்குரிய பெயர் அது. வானத்து மீன்களெல்லாம் தன்னைச் சுற்றி வருவனபோல் தோன்ற, தான் மட்டும் நிலைபெயராது நிற்கும் துருவ மீனுக்கும் அதுவே பெயர். இறைநேசர்களுள் தலைசிறந்தாரைக் 'குத்பு' என்று நம் முன்னோர் போற்றியதும் இக்கருத்துப் பற்றியே. இச்சொல்லின் வேரிலிருந்து இக்கால அரபியர் 'இஸ்திக்தாப்' என்றொரு சொல்லை ஆக்கிக்கொண்டனர். அரபு நாளிதழ்களைப் புரட்டுவோர் அதனை அடிக்கடிக் காண்பர். ஒரு சமுதாயம் இரு முனைகளாகப் பிரிந்து, ஒருவர் பேச்சு மற்றவர் செவியில் ஏறாத நிலைக்கு வந்துவிட்டால் அதற்கு அப்பெயர். பௌதிக நூல்களிலோ அதே சொல் வேறொன்றைக் குறிக்கும். ஒளியலையும் வானொலி அலையும் எந்தத் தளத்தில் நின்று அதிர்கின்றன என்பதையே அது அங்கே சுட்டும். நம் பள்ளிப் புத்தகங்கள் இதனைத் 'தளவிளைவு' என்கின்றன. 'முனைவாக்கம்' என்பாரும் உளர்.

அரபு இலக்கணமும் தமிழ்ச் செய்யுளும் கற்பித்துக் காலங்கழிக்கும் ஒருவனுக்கு இப்பௌதிகச் சொல்லில் என்ன அக்கறை என்று வாசகர்கள் வினவக்கூடும். அச்சொல்லின் இரு பொருள்களும் ஒரே வீட்டின் மொட்டைமாடியில் ஒருசேர என் கண்முன் வந்து நின்றன. அதனாலேயே எழுதத் துணிந்தேன்.

வாப்பா நட்ட கம்பம்

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் உள்ளது. எங்கள் பகுதி வழக்கப்படி வீடு பெண்மக்களுக்கே உரியது. ஆகவே, வாப்பா கட்டிய வீட்டில் என் லாத்தா குடியிருக்கிறார். அவ்வீட்டு மொட்டைமாடியில் இருபத்தைந்து அடி உயர இரும்புக் குழாய்க் கம்பம் ஒன்று இன்றும் நிற்கிறது. 1982 பிப்ரவரியில் இலங்கை ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியபின், கடல் கடந்து வரும் படத்தைக் காண்பதற்கென்று கரையோர ஊர்களில் எழுந்த கம்பங்களுள் அதுவும் ஒன்று. மீன்முள் போன்ற அலுமினிய ஆன்டெனா அதன் உச்சியில் தென்கிழக்கு நோக்கிக் கிடையாகப் படுத்திருந்தது. வீட்டில் வேறு வகைத் தொலைக்காட்சி வந்து பல ஆண்டுகளாயின. அதன்பின் அந்த ஆன்டெனா காகங்களுக்கே பயன்பட்டு வந்தது.

லாத்தாவின் கணவர், என் மச்சான் மர்ஹூம் அவர்கள், வானொலிப் பெட்டி பழுதுபார்ப்பவர். வால்வு செட்டாயினும் டிரான்சிஸ்டராயினும் அவர் கைபட்டால் பேசும். 1991ஆம் ஆண்டு, கடலுக்கு அப்பால் போர் நடந்துகொண்டிருந்த வேளை. யாரோ ஒருவர் பழுதுபார்க்கக் கொடுத்துச் சென்ற வாக்கி டாக்கி ஒன்று அவர் கடையில் இருந்தது. அதன் பொருட்டு அவரை விசாரணைக்கு அழைத்துச் சென்றனர். இரண்டு நாள் கழித்து, குற்றம் ஏதுமில்லை என்று அனுப்பிவிட்டனர். அங்கே என்ன நடந்தது என்று அவர் எவரிடமும் சொன்னதில்லை. ஆனால், திரும்பி வந்தவர் கடைக்குப் பூட்டுப் போட்டார். பின்னர் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதியே வாழ்ந்து முடித்தார். சால்டரிங் அயனும் மீட்டரும் ஒரு தகரப் பெட்டியில் அடங்கிப் பரண்மேல் ஏறின.

அப்பெட்டியைக் கீழே இறக்கியவன் அவருடைய இளைய மகன். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்துச் சென்னையில் வேலை பார்த்தவன். அங்கிருந்தபோதே மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் அமெச்சூர் வானொலித் தேர்வை எழுதித் தேறி, உரிமமும் பெற்றுவிட்டான். சென்ற ஆண்டு ஊர் திரும்பியபோது அவன் கையில் ஒரு ஸ்கேனர் இருந்தது. ஸ்கேனர் என்பது நம் வானொலிப் பெட்டியின் நெருங்கிய உறவுதான். நாம் குமிழைத் திருகி நிலையம் தேடுவதுபோல், அது பல நூறு அலைவரிசைகளைத் தானே ஒன்றன்பின் ஒன்றாகத் தடவிச் செல்லும். எங்கே பேச்சு ஒலிக்கிறதோ அங்கே நின்றுவிடும்.

பாட்டனாரின் கம்பத்தில் ஏரியல் கட்டி, உரிமம் பெற்ற நண்பர்களோடு பேச வேண்டும் என்பது அவன் விருப்பம். அக்கம்பத்தையே இறக்கிவிட வேண்டும் என்பது அவன் உம்மாவின் விருப்பம். பத்து நாள்களாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. என்னை அழைத்தனர்.

"தம்பி, நீ ஓதிக் கொடுக்குற ஆளு. நீ சொன்னா அவன் கேப்பான். அந்தக் கம்பத்தை இறக்கச் சொல்லிடு. அவங்க வாப்பா வராத அந்த ரெண்டு ராத்திரி நான் வாசப்படியில உக்காந்திருந்தது எனக்குத்தான் தெரியும்" என்றார் லாத்தா.

"மாமா, லைசென்சைக் கொண்டு வந்து உம்மா கையிலயே கொடுத்தேன். திரும்பிக்கூடப் பாக்கல. வாப்பா செஞ்ச தொழில் குத்தமில்லைன்னு நாமளே நம்பலைன்னா வேற யாரு நம்புவா?" என்றான் பையன்.

இருவர் சொன்னதும் உண்மை. இருவருமே உரக்கச் சொன்னார்கள். எனினும், ஒருவர் சொன்னது மற்றவரிடம் சென்று சேரவில்லை.

ஒரு பொருளைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன் அப்பொருளை உள்ளவாறு அறிதல் வேண்டும் என்பது எங்கள் உஸ்தாது கற்பித்த முறை. ஆகவே லாத்தாவிடம் ஒரு நாள் தவணை கேட்டேன். மருமகனை அழைத்து, "இன்று நீ ஆசிரியன், நான் மாணவன். இது என்ன கல்வி என்று எனக்குச் சொல்" என்றேன்.

கயிறும் கம்பியும்

அவன் முதலில் செய்து காட்டிய சோதனை எளியது. பக்கத்து ஊரில், நேர்க்கோட்டில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில், உரிமம் பெற்ற நண்பர் ஒருவர் 145 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசிக்கொண்டிருந்தார். வாப்பாவின் ஆன்டெனாவை நண்பரின் ஊரை நோக்கித் திருப்பி, மக்கிப்போன பழைய வயரை நீக்கிப் புதிய வயரைப் பூட்டி, ஸ்கேனரோடு இணைத்தான். மணலை வறுக்கும் ஓசை கேட்டது. அதன் அடியில் ஒரு மனிதக் குரல் கரைந்து போயிற்று. பிறகு கம்பத்தின்மேல் ஏறினான். ஆன்டெனாவுக்கும் இரும்புக் கம்பத்துக்கும் இடையே ஒரு மூங்கில் துண்டை வைத்துக் கட்டி, கிடையாகப் படுத்திருந்த அலுமினியக் குச்சிகள் நெட்டாக நிற்குமாறு கால் சுற்றுத் திருப்பி முடுக்கினான். உயரம் அதுவே, திசை அதுவே, வயரும் அதுவே. ஆனால், நண்பரின் பேச்சு இப்போது எழுத்தெழுத்தாக விளங்கிற்று!

இதன் காரணத்தை விளக்க, கிணற்றுக் கயிறு ஒன்றை எடுத்து வந்தான். அதன் ஒரு நுனியைத் தூணில் கட்டி, மறுநுனியைச் சன்னல் கம்பிகளுக்கு இடையே வெளியே கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். மேலும் கீழுமாக உதறச் சொன்னான். கயிற்றில் எழுந்த அலை நெட்டுக் கம்பிகளின் ஊடே தடையின்றிச் சென்று தூணை எட்டியது. பக்கவாட்டில் உதறச் சொன்னான். அலை சன்னலோடு நின்றுவிட்டது. நான் உதறிய வலு இரண்டு முறையும் ஒன்றே. அலை நின்ற தளம் மட்டுமே வேறு.

வானொலி அலையும் இத்தகையதே. அதில் மின்புலம் ஒன்றும் காந்தப்புலம் ஒன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும், அலை செல்லும் திசைக்குச் செங்குத்தாகவும் அதிர்ந்துகொண்டே செல்கின்றன. மின்புலம் எந்தத் தளத்தில் அதிர்கிறதோ அதுவே அவ்வலையின் தளவிளைவு எனப்படும். அனுப்பும் கம்பி நெட்டாக நின்றால் நெட்டலை பிறக்கும். கிடையாகப் படுத்திருந்தால் கிடையலை பிறக்கும். பெறுகின்ற கம்பியும் அதே நிலையில் நின்றால்தான் அலையின் மின்புலம் கம்பியின் நீளவாட்டில் மின்னோட்டத்தை எழுப்பும். குறுக்கே கிடந்தால், கணக்கின்படி அறவே எழும்பாது. நடைமுறையில் மதிலும் மரமும் கூரையும் அலையைச் சிதறடித்து அதன் தளத்தைச் சற்றுத் திரித்துவிடுவதால், சிறிதளவு வந்து சேரும். அவ்வாறு சேர்வது பெரும்பாலும் நூறில் ஒரு பங்கு அளவே.

பாதி சாய்ந்த கம்பியின் கதி என்ன? 45 பாகை சாய்ந்தால் பாதித் திறன் கிட்டும். 60 பாகை சாய்ந்தால் கால்பங்கு. ஆகவே சிறிய சாய்வு பெரிய கேடு செய்வதில்லை. முற்றிலும் குறுக்கே நிற்பதுதான் கேடு.

'அவ்வாறாயின் தொலைக்காட்சி ஆன்டெனாவைக் கிடையாகவும் இதனை நெட்டாகவும் வைத்தது ஏன்?' என்று கேட்டேன். ஓடும் காரிலும் படகிலும் கையிலும் வைத்துப் பேசும் கருவிகளுக்கு நிமிர்ந்து நிற்கும் குச்சியே இயல்பு. நெட்டுக் குச்சி நாற்றிசைக்கும் ஒரே சீராக அலை வீசும். ஆகவே, இத்தகைய கருவிகளோடு பேசும் நிலையங்களும் நெட்டலையையே கைக்கொண்டன. கப்பல்களும் மீன்பிடி படகுகளும் ஆபத்தில் கூவி அழைக்கும் 16ஆம் வழி, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், நெட்டலையே. விமானிகள் தரையோடு பேசுவதும் நெட்டலையே. தொலைக்காட்சி ஆன்டெனாவோ வீட்டின்மேல் அசையாது நிற்பது. ஒரே திசையை நோக்குவது. வண்டி எஞ்சின் முதலியவற்றின் இரைச்சல் பெரும்பாலும் நெட்டலையாக வருவதால், அதனின்று படத்தைக் காக்கக் கிடையலை நல்லது என்று கருதினர். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய நியாயம் இருந்தது. வாப்பாவின் ஆன்டெனாவில் குறை ஒன்றும் இல்லை. அது வேறொருவர் பேச்சைக் கேட்பதற்கென்று படுக்க வைக்கப்பட்டது, அவ்வளவுதான்.

பின்னர் மருமகன் தன் கையாலேயே ஓர் ஏரியல் செய்து காட்டினான். 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். அதில் கால்பங்கு 52 சென்டிமீட்டர். உலோகக் கம்பியில் அளவு சற்றுக் குறைவதால் 49 சென்டிமீட்டரில் ஒரு பித்தளைக் கம்பியை வெட்டி நெட்டாக நிறுத்தினான். அதன் அடியில் நான்கு கம்பிகளைக் குடைக்கம்பிபோல் சாய்வாக விரித்தான். செலவு ஒரு வேளைச் சோற்றுக் காசு. அது மூங்கில் நுனியில் ஏறிய அன்றே, மீன்முள் ஆன்டெனா காகங்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது.

பாரிஸ் நகரின் பலகணியும் கல்கத்தாவின் சணலும்

இக்கலையின் வரலாறும் சுவையுடையது. 1808ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், எத்தியன் லூயி மாலுஸ் என்னும் பொறியாளர், லக்சம்பர்க் அரண்மனையின் சன்னல் கண்ணாடியில் பட்டுத் தெறித்த மாலை வெயிலை ஒரு படிகத் துண்டின் வழியே நோக்கினார். படிகத்தைத் திருப்பத் திருப்ப ஒளி மங்கியும் விளங்கியும் வரக் கண்டு வியந்தார். அவர் இட்ட பெயர்தான் பின்னர் அரபியில் 'இஸ்திக்தாப்' ஆயிற்று. மேலே கூறிய பாதி, கால்பங்குக் கணக்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நெப்போலியனின் படையோடு எகிப்துக்குச் சென்று வந்தவர் அவர். ஒளியியலின் பேராசான் இப்னுல் ஹைதம் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அமர்ந்து எழுதிய கெய்ரோ நகரம் இருப்பது அந்நாட்டில்தான் என்பதை எண்ணி மகிழாதிருக்க என்னால் இயலவில்லை.

1888இல் ஜெர்மானியர் ஹெர்ட்ஸ், இணையிணையாகக் கம்பி கட்டிய சட்டம் ஒன்றைத் தாம் கண்ட மின்னலைகளின் குறுக்கே வைத்தார். கம்பிகள் அலையின் மின்புலத்துக்கு இணையாக நின்றபோது அலை தடுக்கப்பட்டது. குறுக்காக நின்றபோது ஊடே சென்றது. இது சன்னலும் கயிறும் காட்டியதற்கு நேர்மாறன்றோ எனக் கூர்மையான வாசகர் கேட்பர். ஆம், மாறுதான்! இணையாக நிற்கும் கம்பி அலையைப் பிடித்துக்கொள்வதால்தான் தடுக்கிறது. பிடித்துக்கொள்ளும் அக்குணமே அதனை ஏரியல் ஆக்குகிறது. உவமைக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையில் அதனை இறக்கி வைத்துவிட வேண்டும்.

அடுத்து வந்தவர் நம் நாட்டவர். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், 1895இல், படிகங்கள் மின்னலைகளின் தளத்தை எவ்வாறு பிரிக்கின்றன என்பது பற்றிய கட்டுரையை வங்காள ஆசியக் கழகத்தில் படித்தார். விலையுயர்ந்த கருவிகள் அவரிடம் இல்லை. ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் ஒன்றையே தளம் பிரிக்கும் கருவியாகக் கொண்டார். முறுக்கிய சணல் கற்றையின் ஊடே அலையைச் செலுத்தி, அதன் தளம் திரும்புவதைக் காட்டினார். வங்கத்தின் வயலில் விளையும் சணலைக் கொண்டு உலகம் வியந்த உண்மையை நிறுவியதை என் மாணவர்களுக்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு.

அன்று நாம் அறியாதது ஏன்?

தென்னை மரத்துக்கும் மாடிச் சுவருக்கும் இடையே ஏதோ ஒரு கம்பியை இழுத்துக் கட்டி இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. நெட்டு, கிடை என்று எவரும் அன்று கவலைப்பட்டதில்லை. ஏன்? சிற்றலை வானத்தின் மேல்மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும்போது அதன் தளம் முறுகிச் சுழன்றுவிடுகிறது. எந்நிலையில் புறப்பட்டதோ அந்நிலையில் அது இறங்குவதில்லை. ஆகவே கம்பி எப்படிக் கிடந்தாலும் ஏதோ ஒரு பங்கு கிட்டிற்று. குரல் பெருகியும் தேய்ந்தும் ஊசலாடியதற்கும் இதுவே ஒரு காரணம்.

மத்திய அலை வேறு வகை. நிலையத்தின் கோபுரமே நெட்டாக நின்று அலை வீசுவதால், தரையோடு தவழ்ந்து வரும் அலை நெட்டலை. ஆனால், டிரான்சிஸ்டர் பெட்டிக்குள் இருக்கும் கரிய பெர்ரைட் தண்டு கிடையாகப் படுத்திருக்கிறதே! அது மின்புலத்தைப் பிடிப்பதன்று; காந்தப்புலத்தைப் பிடிப்பது. மின்புலம் நெட்டாயின் காந்தப்புலம் கிடையன்றோ? பழைய டிரான்சிஸ்டர் வீட்டில் இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். பெட்டியை மேசைமேல் வைத்துத் திருப்பினால் ஒரு திசையில் ஒலி மங்கும். அத்திசையில்தான் நிலையம் உள்ளது. தண்டு நெட்டாக நிற்கும்படி பெட்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்தினாலும் ஒலி மங்கும், அதுவே தளவிளைவு.

ஒத்துப்போகாமையே பயன் தருவதும் உண்டு. வீட்டின்மேல் உள்ள டிஷ் ஆன்டெனாவுக்கு வரும் அலைகளில், ஒரே அலைவரிசையில் நெட்டலையாக ஒரு நிகழ்ச்சியும் கிடையலையாக மற்றொரு நிகழ்ச்சியும் வருகின்றன. ஒன்றுக்கு மற்றொன்று குறுக்கே நிற்பதால் இரண்டும் கலப்பதில்லை. 13 வோல்ட் அனுப்பினால் ஒன்றையும் 18 வோல்ட் அனுப்பினால் மற்றொன்றையும் டிஷ்ஷின் முனையிலுள்ள கருவி தேர்ந்தெடுக்கிறது. ஒரு பாதையில் இருவர் மோதிக்கொள்ளாமல் செல்வதற்கும் இதே விதிதான் துணை நிற்கிறது.

கேட்டலும் ஒட்டுக்கேட்டலும்

கருவியின் இயல்பு விளங்கிற்று. இனி, அதனைக் கையாள்வதன் நியாயம் என்ன? லாத்தாவின் அச்சத்தில் இந்தக் கேள்வியும் அடங்கியிருந்தது.

அரபு மொழி இதில் நுட்பமாகப் பிரித்துப் பேசும். காதில் தானே வந்து விழுவது 'ஸமஃ'. மனம் வைத்துச் செவி சாய்ப்பது 'இஸ்திமாஃ'. தமக்குரியதல்லாத பேச்சைக் களவாகக் கேட்பது 'இஸ்திராக்குஸ் ஸமஃ', அதாவது செவியால் செய்யும் திருட்டு. தமிழும் இதில் இளைத்ததன்று. கேட்டலுக்கும் ஒட்டுக்கேட்டலுக்கும் இடையே நம் மொழி மதிலெழுப்பி வைத்திருக்கிறது. பிறர் மறைவைத் துருவுதல் நமக்கு விலக்கப்பட்டது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாட்டுச் சட்டமும் இக்கருத்துடையதே. கம்பியில்லாக் கருவியை உரிமமின்றி வைத்திருப்பதை 1933ஆம் ஆண்டின் சட்டம் தடுத்தது. அதற்கு மாற்றாக 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. கடைத்தெருவில் கிடைக்கிறது என்பதற்காக ஸ்கேனரை வாங்கி வைத்துக்கொண்டு யார் பேசினாலும் கேட்கலாம் என்று இளைஞர்கள் எண்ணிவிடலாகாது. அமெச்சூர்கள் தமக்குள் பேசுவது ஒளிவு மறைவு அற்றது. ஒவ்வொருவரும் தம் அடையாளக் குறியைச் சொல்லியே பேச வேண்டும், மறைமொழி கூடாது, வாணிபம் கூடாது. கூடத்தில் விரித்த பாயில் அமர்ந்து பேசுவது போன்றது அது. அதில் செவி சாய்ப்பது இஸ்திமாஃ. அதற்கு அப்பால் செல்வது திருட்டு. மருமகன் இதனை ஏற்கெனவே உணர்ந்திருந்தான். தேர்வுக்குப் படித்த விதிகளிலேயே அது இருந்தது என்றான்.

லாத்தா கேட்டது

அன்று மாலை லாத்தாவிடம் சென்று அமர்ந்தேன். உரிமத்தைப் பற்றியோ விதிகளைப் பற்றியோ பேசவில்லை. "லாத்தா, கம்பத்தைப் பாக்கும்போது உங்க மனசுல என்ன வருது?" என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "கதவைத் தட்டுற சத்தம் வருது. தட்டுனா நான் யாருக்கிட்ட என்ன சொல்லணும்? அன்னைக்கு எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல" என்றார்.

பையன் காட்டியது, தான் குற்றமற்றவன் என்பதற்கான சான்று. அவர் அதனைக் கேட்கவேயில்லை. மகன் குற்றமற்றவன் என்பது அவருக்குத் தெரியும். கணவரும் குற்றமற்றவராகத்தானே இருந்தார்! அவருக்கு வேண்டியிருந்தது, கதவைத் தட்டுவோர் கையில் கொடுப்பதற்கு ஒரு மறுமொழி.

மறுநாள் நானும் மருமகனும் எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குச் சென்றோம். உரிமத்தின் நகலையும், இன்ன வீட்டில் இன்ன கருவி இருக்கிறது என்று எழுதிய கடிதத்தையும் கொடுத்தோம். பெற்றுக்கொண்ட அதிகாரி படித்துப் பார்த்தார். அமெச்சூர் வானொலி என்றால் என்ன என்று இரண்டு வினாக்கள் வினவினார். எங்கள் பிரதியில் தேதியிட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். அத்தாளைக் கொண்டுவந்து லாத்தாவின் கையில் வைத்தோம். அவர் அதனை இருமுறை படித்து, பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "கம்பம் இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

சுழலும் அலை

சில வாரங்களுக்குப்பின் ஒரு முன்னிரவில், சர்வதேச விண்வெளி நிலையம் எங்கள் ஊருக்கு மேலே கடந்து செல்லும் நேரத்தை மருமகன் கணக்கிட்டுச் சொன்னான். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றிவரும் அந்நிலையத்திலிருந்து, உலகோர் எவரும் கேட்கட்டும் என்றே 145.8 மெகாஹெர்ட்சில் பேசுவதுண்டு. 2025 ஜூலையில் நம் நாட்டு விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து அமெச்சூர் வானொலி வழியாகவே இந்திய மாணவர்களோடு உரையாடினார்.

ஸ்கேனரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மாடியில் நின்றோம். குரல் வந்தது, தேய்ந்தது, மீண்டும் வந்தது. நிலையம் வானில் நகர நகர, அதன் ஏரியல் நம்மை நோக்கும் கோணம் மாறுகிறது. அலையின் தளமும் மாறுகிறது. "உம்மா, தேயும்போது கையை மெதுவாச் சாய்ச்சுப் பாருங்க" என்று மருமகன் கருவியை லாத்தாவிடம் கொடுத்தான். அவர் சாய்த்தார், குரல் தெளிந்தது. பத்து நிமிடத்துக்குள் நிலையம் தொடுவானத்தில் மறையும் வரை, குழந்தையைத் தோளில் கிடத்தித் தட்டுபவர்போல் அதனை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டே இருந்தார். பேசியது ஆங்கிலம், அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. "இவ்வளவு தூரத்துல இருந்து பேசுறாங்க, சாய்ச்சாத்தானே கேக்குது" என்றார்.

கேட்பவர் எப்படி நிற்கிறார் என்பதை அறிய இயலாதபோது அனுப்புவோர் என்ன செய்வர்? அதற்கும் ஒரு வழியுண்டு. அலையின் மின்புலத்தை ஒரு தளத்தில் நிறுத்தாமல், திருகாணிபோல் சுழன்றுகொண்டே செல்லுமாறு அனுப்புவர். நம் கைப்பேசி வழி காட்டுவதற்குத் துணைக்கோள்களிடமிருந்து பெறும் அலை அத்தகைய வலச்சுழி அலை. வானிலைப் படங்களை எவரும் இலவசமாகப் பெறும்படி 137 மெகாஹெர்ட்சில் அனுப்பி, 2025இல் ஓய்வுபெற்ற அமெரிக்காவின் பழைய நோவா துணைக்கோள்களும் வலச்சுழி அலையையே வீசின. சுழலும் அலை நெட்டுக் கம்பியிலும் ஏறும், கிடைக்கம்பியிலும் ஏறும். ஆனால், எந்தக் கம்பியிலும் அதன் திறனில் பாதியே ஏறும். எல்லாரையும் எட்டுவதற்கு அனுப்புவோர் செலுத்தும் விலை அது. வலச்சுழி அலையை இடச்சுழி ஏரியல் ஏற்பதில்லை என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும். எல்லா வேற்றுமையையும் அழிக்கும் அலை ஒன்று இல்லை.

வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன் நிற்கும் ஆசிரியரும், வீட்டில் நான்கு பிள்ளைகளுக்கு முன் நிற்கும் பெற்றோரும் இக்கணக்கை எண்ணிப் பார்க்கலாம். ஒரு பிள்ளையோடு தனித்துப் பேசும்போது அவன் நிற்கும் நிலையை அறிந்து பேசினால் சொன்னது முழுவதும் சேரும். பலரோடு பேசும்போது பாதி போகும் என்று தெரிந்தே சுழன்று பேச வேண்டும். குரலை உயர்த்துவதால் மட்டும் ஆவது சிறிது. குறுக்கே கிடக்கும் கம்பிக்கு நூறு மடங்கு உரக்கக் கத்தினால்தான், கால் சுற்றுத் திருப்பினால் கிட்டும் பயன் கிட்டும். கால் சுற்றுத் திரும்புவதற்கு எந்தச் செலவும் இல்லை. ஆனால், யாரேனும் ஒருவர் கம்பத்தின்மேல் ஏற வேண்டும்.

இஸ்திக்தாப் என்னும் சொல்லை அரபு நாளிதழில் இப்போது காணும்போதெல்லாம் அதன் மற்றப் பொருளும் என் நினைவுக்கு வருகிறது. பிரிந்து நிற்போர்க்கு இடையே சொல் இல்லாமற் போய்விடவில்லை. அலை வந்துகொண்டுதான் இருக்கிறது. அது எந்த நிலையில் வருகிறது என்று பார்த்து, நம் கம்பியைச் சற்றுத் திருப்பி வைப்பதுதான் நம் கையில் உள்ளது.